26 விநாடி

கேள்வி: வீட்டு விசேஷத்தை 8 எம்.எம்.மில் எடுக்கும் பொழுதுபோக்கு ஆசாமிகளுக்கு ஊடக அறம் பற்றி என்ன தெரியும்?

பதில்: டாலஸில் பெண்கள் உடை தயாரித்தவர் ஆபிரகாம் ஸப்ரூடர். தலைசுற்றல்காரர். அலுவலகப் பெண் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, கான்கிரீட் மேடையில் ஏறி நின்று, 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஊர்வலத்தைப் படம் எடுத்தார். கொலை பதிவானது. 26 விநாடி, சத்தமில்லை. ‘லைஃப்’ பத்திரிகைக்கு 1,50,000 டாலருக்கு விற்றவர், தலையில் குண்டு பாயும் 313-வது ஃபிரேமை மட்டும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். (காசு வாங்கினாரே என்பீர்கள். 25,000 டாலரை, கொலை நடந்த அன்றே சுடப்பட்டு இறந்த போலீஸ்காரரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.) அமெரிக்க டி.வி. அந்தப் படத்தை நாடு முழுக்கக் காட்டியது 1975-இல்தான். இன்றைய சேனலாக இருந்தால் ஸ்லோமோஷன், சிவப்பு வட்டம், ‘இடைவேளைக்குப் பின் இன்னொரு கோணம்’ எல்லாம் அன்று மாலையே முடிந்திருக்கும்.