மேல்மூச்சு, கீழ்மூச்சு

புல்லட் வாங்குன புள்ளைங்க அடுத்ததா ஹெல்மெட்டு வாங்குவாங்கன்னு நெனச்சா நீ ஏமாந்த. ஸ்க்ரூ டிரைவர் வாங்குவாங்க. வண்டி லேசா இருமுனாப் போதும், கார்புரேட்டர் பக்கத்துல குந்திக்கினு காத்து ஸ்க்ரூவ இப்டிக் கால் சுத்து, அப்டி அரைச் சுத்து. திருகட்டும் கண்ணு, நான் இன்னாத்துக்குத் தடுக்கணும்? நீங்க திருகித் திருகித் தள்ளிக்கினு வந்த வண்டிங்கதான் எம் பெரிய பேத்திக்குக் கம்மல் போட்டுச்சு. சின்னவளுக்கு இன்னும் பாக்கி கீது. ஆனா நீ காலடிப்பேட்டைல பொறந்து வளந்த புள்ள, அதனால ஒரு தபா சொல்றேன். காசு வேணாம், டீ சொல்லு போதும்.

உன் வண்டிக்கும் பொறந்த வூடு இந்தத் திருவொத்தியூருதான். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச் ஊரு கம்பெனிக்காரனும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. மிலிட்டரிக்கு 350 புல்லட் வேணும்னு சர்க்கார் கேட்டதுல வந்த வாழ்வு. மொதல்ல சாமானெல்லாம் கப்பல்ல வரும், இங்க பூட்டுவாங்க. 1962 வரசொல்ல சாமானே இங்க செய்ய ஆரம்பிச்சாச்சு. 1970-ல அங்க தாய்க் கம்பெனி கடையக் கட்டிடுச்சு. 1977-ல நம்ம ஆளு செஞ்ச புல்லட்டு அவன் ஊருக்கே கப்பல் ஏறிச்சு. எஞ்சின் மட்டும் ரொம்ப காலம் மாறல: 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக், 346 சி.சி. வெள்ளக்காரன் வரைபடத்தோட எண்ணெய் ஒழுக்கையும் சீதனமாக் குடுத்துட்டுப் பூட்டான். நாமளும் பயபக்தியோட காப்பாத்துனோம்.

இப்ப கேளு. பிஸ்டன் எறங்கசொல்ல மேல காத்தும் பெட்ரோலும் உள்ள வருது. அது கார்புரேட்டர் சமாச்சாரம், உனக்குத் தெரியும், அதுல நீ பண்டிதன். அதே பிஸ்டனுக்கு அடியில, கிராங்கு கேஸ்ல கீற காத்து எங்க போவும்? சைக்கிள் பம்பு வாயக் கட்டைவிரலால அடைச்சுக்கினு ஒரு குத்து குத்திப் பாரு. அந்தத் திமிரு ஒவ்வொரு சுத்துக்கும் உன் எஞ்சின் வயித்துல கீது. அத வெளிய வுடத்தான் பிரீதர்னு ஒரு குழா வச்சான், குழாவுக்கு ஒரு ரப்பர் வாயும் வச்சான். பிஸ்டன் எறங்குனா அந்த வாயி தொறந்து காத்த வெளிய வுடும், ஏறுனா மூடிக்கும், வெளிக்காத்து திரும்ப உள்ள பூறாது. அப்டியே ஊதி ஊதி உள்ளாற காத்து கம்மியாவே நிக்கும். உள்ள காத்து கம்மின்னா எண்ணெய்க்கு வெளிய எட்டிப் பாக்கத் தோணாது.

அந்த ரப்பர் சூட்டுல வெந்து கல்லாப் போவும். தொறந்தபடி கல்லாச்சுன்னா எண்ணெய்ப் புகை நடமாடும். மூடுனபடி ஒட்டிக்கிச்சுன்னா சீலு பிச்சிக்கும். டீ காசு சாமான் அது. ஆனா எவன் பாக்குறான்? ஒருத்தன் குழா வழியா எண்ணெய் சொட்டுதுன்னு அதுல கட்டையச் சொருவி இட்டாந்தான். "பெரிசு, குழாவுல சொட்டல, மத்த எல்லாப் பக்கமும் சொட்டுது"ன்னு அழுவுறான். படிச்ச புள்ள. இன்னொருத்தன் ரப்பரத் தலகீழா மாட்டி, எஞ்சினுக்கு மூச்ச வெளிய வுடாம உள்ள மட்டும் இழுக்கக் கத்துக் குடுத்தான்.

உன் வண்டி ஒத்த சிலிண்டரு. ஆறு சிலிண்டருக்கு இந்தப் பேஜாரு கம்மி. அந்தக் காலத்து டாட்ஜு, செவர்லே லாரிங்கல்லாம் பெட்ரோல் ஆறு. நாலு பிஸ்டன் எந்தப் பக்கம் போனாலும் மத்தது எதிர்ப் பக்கம் போயி சரிக்கட்டிடும், அடிக்காத்து அளவு மாறாது. ரிங்கு சந்துல கசியுற புகைய மட்டும் வெளிய தள்ளுனாப் போதும். அதுக்கு ஒரு குழாவக் கீழ தொங்க வுட்டான், வண்டி ஓடுற காத்து அத உறிஞ்சிக்கும். சிக்னல்ல நின்னா உறிஞ்ச ஆளில்ல. அப்பால அமெரிக்காக்காரன் கலிபோர்னியாவுல 1961 மாடல்லேந்து அந்தப் புகையத் திருப்பி இன்டேக்குக்கே வுட்டான், நடுவுல ஒரு வால்வு வச்சான். நல்ல புத்திதான். ஆனா வால்வு வழியா வர்ற காத்தும் கார்புரேட்டர் கணக்குல சேந்துக்கும். வால்வு மாட்டிக்கினா ஐட்லிங் கெட்டுப் போவும். உடனே அங்கியும் ஒரு தம்பி ஸ்க்ரூ டிரைவர எடுப்பான். உலகம் பூரா உன் ஜாதிதான் கண்ணு. நம்ம பக்கம் செம்பியத்துல சிம்சன்காரங்க 1950கள்ல பெர்கின்ஸ் டீசல் செய்ய ஆரம்பிச்சதும் பல லாரிக்காரனுக்குத் திருக ஸ்க்ரூவே இல்லாமப் போச்சு. பாவம்.

அதனால ஸ்க்ரூவ உட்டுடு, மொதல்ல மத்தத பாரு. ஏர் ஃபில்டர கழட்டு. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி பின்னால நீ ஓட்டுன புழுதி அல்லாம் அதுக்குள்ளதான் கீது. பிரீதர் குழாவ ஃபில்டருக்குத் திருப்பி வுட்டிருந்தா அது எண்ணெயில ஊறி வடையாட்டம் நிக்கும், காத்து எப்டிப் போவும்? பிளக்கக் கழட்டு. பிஸ்கோத்து நெறமா இருந்தா சந்தோஷம், கரி அப்பிக்கினு இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்துப் போயிருந்தா கம்மி. பாயிண்ட் கேப்பு 0.35லேந்து 0.40 மில்லி. டைமிங்கு பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லி முன்னால. எஞ்சின் குளுந்து கெடக்கசொல்ல புஷ் ராடு வெரலால சுத்துனா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. கார்புரேட்டர் பூட்டுற ஃபிளாஞ்சு வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல வச்சுப் பாரு. நட்ட முறுக்கி முறுக்கி வீரம் காட்டுனவங்க வண்டில அது வளைஞ்சுதான் இருக்கும். அந்தச் சந்துல திருட்டுக் காத்து பூந்தா நீ எந்த ஸ்க்ரூவத் திருகி இன்னா?

இத்தினியும் சரியாச்சுன்னா, எர்ணாவூர் வரைக்கும் போய்ட்டு வா. எஞ்சின் சூடாவட்டும். மிக்கார்ப் கார்புரேட்டர்ல காத்து ஸ்க்ரூவ முழுக்க மூடி ஒன்றரைச் சுத்து தொற. அங்கேந்து கொஞ்சங் கொஞ்சமா அசைச்சு, எங்க எஞ்சின் உசாராச் சுத்துதோ அங்க நிறுத்து. அப்பால ஐட்லிங் ஸ்க்ரூவால வேகத்த எறக்கு. அந்தக் காத்து ஸ்க்ரூ ஆக்சிலேட்டரு முறுக்குற மொத மொதல்ல மட்டுந்தான் பேசும். கால்வாசி தாண்டுனா நீடிலு, முக்கால்வாசி தாண்டுனா மெயின் ஜெட்டு. எக்ஸ்பிரஸ் ரோட்டுல முழு முறுக்குல இழுக்கலன்னு வந்து ஐட்லிங் பக்கம் திருகுறவன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பில்லு மட்டும் போடுவேன்.

எண்ணெய் அளவு பாக்குறதுலியும் ஒரு சூது கீது. ரொம்ப நாளு நிறுத்தி வச்சா எண்ணெய் தன் அறையிலேந்து கிராங்கு பக்கம் கசிஞ்சு எறங்கிடும். நீ குச்சிய வுட்டுப் பாத்துட்டு "அய்யோ கம்மி"ன்னு அரை லிட்டர் ஊத்துவ. ஸ்டார்ட் பண்ணதும் எறங்குனது திரும்பி வந்து, எடம் பத்தாம பிரீதர் வழியா வாந்தி எடுக்கும். அப்பால "கம்பெனி வண்டி சரியில்ல"ம்ப. கொஞ்சம் ஓட்டிட்டு அளந்து பாரு.

பெட்ரோல்ல இப்ப நூத்துக்கு 20 பங்கு எத்தனால் கலக்குறான். அது தண்ணிய இழுக்கும், பழைய ரப்பர ஊறவைக்கும். நம்ம கடக்காத்துல சொல்லவே வேணாம். வாரக்கணக்குல நிறுத்தப் போறியா, பெட்ரோல் காக்க மூடு, கார்புரேட்டர் கிண்ணத்துல கீறத வடிச்சுடு. அடைச்ச ஜெட்டுல கம்பிய வுட்டுக் கொடையாத, ஓட்டை பெரிசாயிடும். காத்தடிச்சு ஊது.

கடைசியா புல்லட்டோட அந்த டுப்பு டுப்பு சத்தம். ஒரு டுப்புக்கும் அடுத்த டுப்புக்கும் நடுவுல டீ குடிச்சுட்டு வரணும்னு ஆசப்பட்டு ஐட்லிங்க எறக்கிக்கினே போறீங்களே, எஞ்சின் மெதுவாச் சுத்துனா ஆயில் பம்பும் மெதுவாத்தான் சுத்தும். பிக் எண்டுக்கு எண்ணெய் பத்தாது. ஆம்மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் படுத்துக்கினு இருக்கும். பொண்ணுங்க திரும்பிப் பாக்குமேன்னு நீ கேப்ப. பாக்கும், நீ காலேஜ் வாசல்ல உக்கி உக்கி கிக்கர ஒதைக்கசொல்ல.