கதிர்காமத்துக்கு யாரு நடக்கணும்?

அடே மருமகனே, கலியாணம் முடிச்சு நாலு வருசமாச்சு, தொட்டில் கட்டலன்னு ஒங்கம்மா அந்தப் புள்ளயக் கதிர்காமத்துக்கு நடக்க வச்சா. அரசமரத்தச் சுத்த வச்சா. மாரியம்மனுக்கு வெரதமும் போட்டாச்சு. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வந்த களைப்போட அவ எல்லாத்தையும் செஞ்சா. நீ என்ன செஞ்ச? மீசைய முறுக்கின.

ஒன் வீரத்த நான் கொற சொல்லல. புலிதான். ஆனா புலி பகல் பூரா டவுன்ல பழைய பெட்டரிய ஒடச்சு ஈயத்தகடு சொரண்டுது. அதே கையால வெத்தல மடிச்சு வாயில போடுது. அந்திக்கு அந்தத் தூசியோடயே காம்பராவுக்குள்ள வந்து படுக்குது. பெற்றோல்ல ஈயம் வேணாம்னு 2002லயே இந்த நாடு நிப்பாட்டிருச்சு. நீ சட்டைப்பையில கொண்டாந்து எறக்குற!

கெம்பஸ்ல படிக்கிற பேத்தி சொன்னா: ருமேனியாவுல ஈயத்துல வேலை செஞ்ச 150 ஆம்பளைங்களச் சோதிச்சு 1975ல எழுதியிருக்காங்களாம். ஈயம் ஏறுனவங்களுக்கு வித்து எண்ணிக்க கொறைவு, இருக்கிறதும் நீந்த மாட்டேங்குது, உருவமும் கோணல். ரத்தத்துல டெசிலீட்டருக்கு 40 மைக்ரோகிராம் தாண்டிட்டா ஆபத்து கூடவாம். வெளியில ஒரு சாடையும் தெரியாது. மீசை அப்படியே நிக்கும்.

கள்ளன்டா அந்த ஈயம். சுண்ணாம்புச் சத்து மாதிரி வேசம் போட்டு எலும்புக்குள்ள குடியேறிடும். வருசக்கணக்கா எறங்காது. வித்து முத்தி வெளிய வரவே ரெண்டரை மாசம் ஆகும், அதனால இன்னைக்கு வேலைய விட்டுட்டு நாளைக்குத் தொட்டில் தேடாத.

ஆபத்துன்னு தெரிஞ்சா வெலகிரணும்டா. நம்ம மீரியபெத்த மலை 2014 அக்டோபர் 29ல சரிஞ்சுது. 2005லயும் 2011லயும் எழும்புங்கன்னு சொல்லியிருந்தாங்க. எழும்பி எங்க போறது, எடம் குடுத்தானா எவனாவது? ஒனக்கு அந்தச் சாக்கும் இல்ல. வேற வேலைக்கு மாறு. அது வரைக்கும் பட்டறையிலயே சவுக்காரம் போட்டுக் குளிச்சு, சட்டைய மாத்திட்டு வா. அந்த அழுக்க அவ தொவைக்கப்படாது.

கொற ஒங்கிட்டத்தான்னு நான் சத்தியம் பண்ணல. ரெண்டு பேருமா பண்டாரவளைக்குப் போயி டாக்டரப் பாருங்க. மொதல்ல நீ சோதனைக்குக் குடு, ஆம்பளைக்கு அது லேசான வேலை. வெக்கமா இருந்தா ஒங்கம்மாகிட்ட வெத்தல வாங்கப் போறேன்னு சொல்லு. வாங்கிட்டும் வா, எனக்குத் தீந்து போச்சு. மடிக்கிறத மட்டும் நானே மடிச்சுக்கிறேன்.