புள்ளிகளைத் திருப்பித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஆசிரியர் குழு,
ஒரு தமிழ்ச் சிற்றிதழின் இணையதளம்.

பெறுநர்:
இடமாற்றப் பிரிவு,
எங்கள் தளத்துக்குச் சர்வரில் இடம் வாடகைக்கு விட்டிருக்கும் நிறுவனம்.

பொருள்: புதிய சர்வருக்கு மாற்றியபோது காணாமற்போன புள்ளிகள், உகரக் குறிகள், ஏகாரம், ஐகாரம் ஆகியவற்றைத் திருப்பித் தருதல் – தொடர்பாக.

பார்வை: 'உங்கள் தளம் 100% வெற்றிகரமாக இடமாற்றம் செய்யப்பட்டது' என்னும் தங்கள் மின்னஞ்சல்.

பெருமதிப்பிற்குரியீர்,

முதலில் நன்றி. புதிய சர்வர் வேகமானது என்றீர்கள், உண்மைதான். முன்பெல்லாம் எங்கள் முகப்புப் பக்கம் திறப்பதற்குள் வாசகர் காபியை ஆற்றிக் குடித்து முடித்துவிடலாம். இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறது. படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

மாற்றத்தின் தொடக்கத்தில் சிலருக்குப் பழைய தளமும் சிலருக்குப் புதிய தளமும் தெரிந்தன. கேட்டதற்கு, 'டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும், பொறுத்திருங்கள்' என்று அருள்வாக்குச் சொன்னீர்கள். டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. பழைய முகவரியை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்று உலகத்துக்குச் சொல்வது அதுதான். அதை முன்கூட்டியே 86,400-இலிருந்து 300-க்குக் குறைத்திருந்தால் பெரும்பாலானோருக்குச் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். ஆனாலும் குறை சொல்ல மாட்டோம். உங்கள் தாமதத்தால்தான் அந்தச் சிலராவது எங்கள் தளத்தைக் கடைசியாக ஒரு முறை தமிழில் பார்த்தார்கள்.

புதிய தளத்தில் தமிழுக்குப் பதிலாக வேறொன்று இருந்தது. தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஒன்று, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் அகப்பட்ட 'ஆர்' ஒன்று, பிறகு ஏதோ ஒரு குறி. மறுபடியும் அதே 'ஏ', அதே 'ஆர்'. கட்டுரை, கவிதை, நூல் மதிப்புரை எல்லாம் இப்படித்தான். வட்டத்துக்குள் 'ஆர்' என்றால் பதிவு பெற்ற வணிகச் சின்னம் என்று பொருளாம். அகரம் முதல் னகரம் வரை யாரோ ஒரே இரவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டார்களோ என்று பயந்துபோனோம்.

உங்கள் உதவி மையத்தில் டிக்கெட் போட்டோம். 'பிரவுசர் கேச்சை அழித்துப் பாருங்கள்' என்று முதல் பதில் வந்தது. அழித்தோம். 'எங்கள் பக்கத்தில் சரியாகத்தான் தெரிகிறது' என்று இரண்டாம் பதில் வந்தது. அதைப் பொய் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு முன்பு இருந்ததும் இப்போது இருப்பதும் ஒன்றுதானே! டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது.

நடந்தது என்ன என்று நாங்களே துருவிப் பார்த்தோம். உங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய வழக்கமான குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். எங்கள் தளம் தொடங்கிய காலத்தில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், யாரும் வேறு சொல்லாவிட்டால், எல்லா எழுத்தையும் 'லத்தீன்1' என்று குறித்துக்கொள்ளும். அதோடு சுவீடன் நாட்டு அகரவரிசையையும் சேர்த்துக்கொள்ளும். அதை உருவாக்கிய நிறுவனம் சுவீடனைச் சேர்ந்தது. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் இந்த இயல்பிருப்பு மாறியது. ஆக, எங்கள் சங்க இலக்கியக் கட்டுரைகள் இத்தனை ஆண்டுகளாகச் சுவீடியக் குடியுரிமையுடன் வாழ்ந்துவந்தன. யாரும் கேட்கவில்லை, தொல்லையும் இல்லை. உள்ளே போன பைட்டுகள் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தன.

நீங்கள் பிரதி எடுத்தபோது உங்கள் மென்பொருள் அந்தக் குறிப்பை நம்பிவிட்டது. 'இது லத்தீன் எழுத்து, இதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்' என்று, ஏற்கெனவே யூனிகோடாக இருந்ததை இன்னொரு முறை யூனிகோடாக்கியது. ஒரு குறியீடு மூன்றாகப் பிளந்தது. பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் இது ஆறக்கூடிய காயம். பைட்டுகள் எல்லாம் இடம் மாறாமல் உள்ளே கிடந்தன. சரியான அட்டவணையை வைத்துப் பின்னோக்கி மாற்றியிருந்தால் ஒரு புள்ளி குறையாமல் தமிழ் திரும்பியிருக்கும்.

ஆனால் உங்கள் மூத்த நிபுணர் வைத்தியம் பார்த்தார். கோப்பு முழுவதையும் 'விண்டோஸ்-1252' அட்டவணை வழியாக ஓட்டினார். 'பொருந்தாததைக் கேள்விக்குறியாக்கு' என்ற விருப்பத்தையும் தேர்ந்தெடுத்தார். அந்த அட்டவணையில் 256 இடங்கள். அவற்றில் ஐந்து காலி. தமிழின் கெட்ட காலம், மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் குறி, 'ஏ', 'ஐ' ஆகிய நான்கின் கடைசி பைட்டும் அந்தக் காலி இடங்களில்தான் போய் விழுகின்றன. நான்கும் ஒரே நொடியில் ஒழிந்தன. அவை இருந்த இடத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கிறது.

விளைவைப் பாருங்கள். 'ஏன்' என்று எழுதினால் ஏகாரம் போயிற்று, புள்ளியும் போயிற்று. நடுவில் ஒரு 'ன' மட்டும் நிற்கிறது. கேள்விச்சொல் அழிந்து கேள்விக்குறி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது உங்கள் கொள்கையோ என்னவோ! 'ஐயம்' என்று எழுதினால் முன்னும் பின்னும் உதிர்ந்து 'யம' என்று தெரிகிறது. இந்தக் கடிதத்தில் தங்களை 'ஐயா' என்று விளிக்காததற்கும் காரணம் இதுதான். இதை எங்கள் தளத்தில் வெளியிட்டால் வெறும் 'யா' ஆகிவிடும், மரியாதைக் குறைவாகப் போய்விடும்.

'மெஷின் வைத்துத் திருத்திக்கொள்ளலாமே' என்றீர்கள். பாதி முடியும். 'வநத' என்று கிடந்தால் எங்கே புள்ளி வரும் என்று எந்த மெஷினுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் புள்ளியும் உகரமும் ஒரே கேள்விக்குறியாகிவிட்டதால் கண்ணும் கரும்பின் கணுவும் ஒன்றாகிவிட்டன. அதைவிடப் பெரிய சங்கடம் சிறுகதைகளில். 'வந்தார்' என்பது கதாசிரியர் சொல்வது. 'வந்தாரு' என்பது பாத்திரம் பேசுவது. இப்போது இரண்டும் ஒன்று. யார் பேசுகிறார்கள் என்று தெரியாத கதைகளாக ஒரு காப்பகம் முழுவதையும் மாற்றித் தந்திருக்கிறீர்கள். நவீனத்துவத்துக்கு இது உங்கள் பங்களிப்பு.

வரலாற்றுணர்வு உள்ளவர்கள் நீங்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டிய சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் பெயரில் சொல்வார்கள். ஒரே சொடுக்கில் இரண்டுக்கும் முந்திய காலத்துக்கு எங்களைக் கொண்டுபோய்விட்டீர்கள். ஆனால் உ.வே.சாமிநாதையரின் கையில் ஏடு இருந்தது. பொருள் பார்த்துப் புள்ளி வைத்தார். சந்தேகம் வந்தால் இன்னொரு சுவடியைத் தேடி ஊர் ஊராகப் போனார். எங்கள் ஏடு உங்கள் பழைய சர்வர். 'பாதுகாப்புக் காரணங்களுக்காக முற்றிலும் அழிக்கப்பட்டது' என்று அதற்கும் ஒரு வெற்றி மின்னஞ்சல் அனுப்பினீர்கள். பேக்கப் எங்கே என்று கேட்டால், அதுவும் அந்தப் பழைய சர்வரிலேயே பத்திரமாக இருந்ததாம்.

நீங்கள் தனியர் அல்லர் என்பது ஆறுதல் தரலாம். சர்வர் இடமாற்றத்தால் மூன்றாண்டுக்கு முற்பட்ட படங்களும் பாடல்களும் கிடைக்காமல் போகலாம் என்று மைஸ்பேஸ் நிறுவனம் அறிவித்தது உலகுக்குத் தெரியவந்தது 2019-இல். ஏறத்தாழ 12 ஆண்டு இசை போனது. ஆய்வுக்காக யாரோ முன்பே எடுத்துவைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியே மறுபிறவி எடுத்தன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடு இருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் அந்த மீட்புப் பணியை ஒளிக்காமல் நேரலையில் காட்டினார்கள். நீங்கள் டிக்கெட்டை மூடினீர்கள்.

நாங்களும் இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் எங்கள் பழைய பக்கங்களைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம். கூகுளின் கேச் பக்கமும் 2024-இல் போய்விட்டது. ஆர்க்கைவில் இல்லாதவற்றுக்கு எழுத்தாளர்களிடம் கை நீட்டுகிறோம். சிலர் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அனுப்புகிறார்கள். யூனிகோடுக்கு முந்திய அந்தக் கோப்பு, நீங்கள் நவீனமாக்கித் தந்ததைவிட நன்றாகப் படிக்க வருகிறது.

ஆகவே பணிவுடன் கோருவது:

1. இனி எந்தத் தளத்தையும் தொடும் முன், அதன் அட்டவணைகள் எந்தக் குறிமுறையில் இருப்பதாகச் சொல்கின்றன, உண்மையில் எதில் இருக்கின்றன என்ற இரண்டையும் எழுதி வைக்கவும்.

2. பிரதி எடுக்கும்போது பைட்டுகளை இருந்தபடியே எடுக்கவும். திருத்தம் செய்வதாயின் பிரதியின் பிரதியில் செய்யவும்.

3. டிஎன்எஸ் மாற்றும் முன் புதிய சர்வரில் பத்துப் பக்கங்களைத் திறந்து, அந்த மொழி தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லவும். வாடிக்கையாளரையே கேட்கலாம், நாங்கள் இலவசமாக வாசித்துத் தருவோம்.

4. தளத்துக்காரர் 'சரி' என்று எழுதித் தரும்வரை பழைய சர்வரில் கை வைக்காதீர்கள்.

5. வேறு ஊரில் உள்ள வேறு சர்வரில் இருப்பதற்கு மட்டும் பேக்கப் என்று பெயர் சூட்டவும். அதையும் அவ்வப்போது மீட்டுப் பார்த்த பிறகே நம்பவும்.

6. எத்தனை கோப்பு நகர்ந்தது என்று எண்ணி 100% போடுவதை நிறுத்தவும். கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன, எங்களுக்கு அதில் ஐயமே இல்லை.

கடைசியாக, 'தரவு மீட்புச் சேவை' என்று தாங்கள் அனுப்பிய விலைப்பட்டியல் எங்கள் புதிய தளத்தின் அஞ்சல்பெட்டி வழியாகவே வந்து சேர்ந்தது. 1963-இல் வகுத்த ஆஸ்கியில் அடங்கிய எண்கள் இப்படிப்பட்ட மாற்றங்களில் பழுதாவதில்லை. எனவே தொகை துல்லியமாகத் தெரிகிறது. எதற்கான தொகை என்ற தமிழ் விவரம் மட்டும் கறுப்புச் சாய்சதுரங்களாக இருக்கிறது. அதைப் படிக்கும்படி அனுப்பிவைத்தால் பணம் செலுத்துவது பற்றி யோசிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
ஆசிரியர் குழுவுக்காக.