தக்காணத்தில் நெய்தல்: வீட்டுக் கடல்தொட்டியின் நைட்ரேட் குறித்து ஒரு திணை ஆராய்ச்சி

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே, பாறைமேல் பாறையாக உட்கார்ந்திருக்கும் ஹைதராபாத்தில், பத்மாராவ் நகர் அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியில், நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி நீமோ மீன் வளர்த்தால் அது எந்தத் திணை? இந்தக் கேள்வியை எந்த உரையாசிரியரும் எழுப்பவில்லை. இளம்பூரணர் காலத்தில் இந்த ஊரே கிடையாது என்பதைச் சமாதானமாக ஏற்கலாம். 1591-க்குப் பிறகு பிறந்த தமிழறிஞர்களுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. எனவே இக்கட்டுரை.

முதற்பொருளில் நிலம் என்பது இங்கே கல்லும் மணலும் போக 200 லிட்டர். பொழுது எற்பாடு. அது காலையா மாலையா என்று உரைகாரர்களிடையே வழக்கு உண்டு. தொட்டி வைத்திருப்பவருக்கு அது ஹைடெக் சிட்டியிலிருந்து வீடு திரும்பும் இரவு ஒன்பது மணி. கருப்பொருள்: நீமோ எனப்படும் கோமாளி மீன் இரண்டு, நீலச் சேலை மாதிரி ஒரு டாம்செல், கழிவை ஓயாமல் நுரையாக்கித் தள்ளும் ஸ்கிம்மர். தெய்வம் வருணன், கோடைக்காலத்தில் அவர் லாரித் தண்ணீர்க்காரர் உருவில் வருகிறார். உரிப்பொருள் இரங்கல். இதில் மட்டும் பண்டைய இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது நிறுத்தி “நைட்ரேட் எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். நெய்தல் தலைவி தோற்றுப்போவாள்.

ஹைதராபாத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கோல்கொண்டா சுல்தான்களின் துறைமுகம் மசூலிப்பட்டினம், சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் அப்பால். இன்றோ இந்தியப் பெருங்கடலின் கணக்குப்பிள்ளையே இந்த ஊரில்தான் இருக்கிறார். 1999-இல் தொடங்கிய ‘இன்காய்ஸ்’ என்னும் கடல்சார் தகவல் மையம் பிரகதி நகரில் இருக்கிறது. 2007 முதல் சுனாமி எச்சரிக்கை அங்கிருந்துதான் போகிறது. செயற்கைக்கோள் காட்டும் கடல்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, எந்தப் பக்கம் வலை போட்டால் மீன் கிடைக்கலாம் என்று இராமேஸ்வரத்து மீனவருக்குச் சொல்கிறார்கள். தேசிய மீன்வள வாரியத்தின் தலைமையகமும் இங்கேதான். ராஜேந்திர நகர்ப் பக்கம் போனால் கண்ணும் செதிலும் வாலுமாக மீன் வடிவிலேயே கட்டிய கட்டடத்தைப் பார்க்கலாம். ஜூன் மாதம் மிருகசிரக் கார்த்தியன்று ஆஸ்துமாவுக்கென்று மூலிகை அடைத்த உயிர் விரால் குஞ்சை மக்கள் வரிசையில் நின்று விழுங்குவதும் இந்த ஊரில்தான். ஆனால் விரால் நன்னீர் மீன். தவிர, அது மீனைப் பராமரிப்பதல்ல, மீனால் பராமரிக்கப்படுவது. நம் ஆய்வெல்லைக்கு வெளியே.

மதராஸ்காரர்களுக்கு இந்தக் கடலில்லாக் கஷ்டம் இருந்ததில்லை. மெரினாவில் 1909-இல் மீன்காட்சியகம் திறந்தபோது வாசலிலேயே வங்காள விரிகுடா இருந்தது. நைட்ரேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய தண்ணீரைக் கொட்டு, புதுத் தண்ணீரை மொண்டுகொள். அந்தக் காட்சியகத்தை மூட உலகப் போரே வர வேண்டியிருந்தது. திறந்த கடலின் மேல்மட்ட நீரில் நைட்ரேட் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. பிபிஎம் என்று தொட்டிக்காரர்கள் சொல்வது இந்த மில்லிகிராமைத்தான்.

இனி நைட்ரேட்டின் பிறப்பு வரலாறு. மீன் கழிப்பதும் தின்னாமல் விட்டதும் அழுகி அம்மோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதலாவது மீனைக் கொல்லும் நஞ்சு, மூன்றாவது சாது. புதுத் தொட்டியில் இந்தப் பரம்பரை வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஆசைப்பட்டு மீனை விட்டவர்கள்தான் கடைக்காரருக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள். இதெல்லாம் உயிருள்ளவற்றின் வேலை என்று 1877-இல் காட்டியவர்கள் பிரான்சின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் இருவரும். மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல விட்டார்கள். சில வாரத்தில் அம்மோனியா போய் நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள்; வேலை நின்றுபோனது. மயக்க மருந்து கொடுத்தால் நிற்கிற வேலையை யாரோ செய்துகொண்டிருக்கத்தானே வேண்டும்! அந்த யாரோவை 1890-இல் தனியே பிரித்துப் பிடித்தவர் வினோகிராட்ஸ்கி. வேறு வகை பாக்டீரியா செய்யும் மூன்றாவது வேலை ஒன்று உண்டு: நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுவது. அதற்கு ஆக்சிஜன் இல்லாத இண்டு இடுக்கு தேவை. ஆழ்ந்த மணலிலும் துளைத்துளையான கல்லின் உட்புறத்திலும் அது கொஞ்சம் நடக்கும். மன்னார் வளைகுடாவிலிருந்து அப்படிப்பட்ட கல்லைக் கொண்டுவரலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அது பவளப்பாறை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நைட்ரேட் குறையும், ஜாமீன் கிடைப்பது கடினம்.

அளவைப் பற்றி ஆன்றோரிடையே பாடபேதம் உண்டு. ஒருவர் “என் தொட்டியில் ஐந்து” என்பார். இன்னொருவர் “எனக்கு இருபத்திரண்டு” என்று தலைகுனிவார். இரண்டும் ஒன்றே. முன்னவருடைய கிட் நைட்ரஜனை மட்டும் எண்ணுகிறது, பின்னவருடையது ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணுகிறது. 4.43-ஆல் பெருக்கினால் சண்டை தீரும். தீர்த்து வைக்க யாரும் முன்வருவதில்லை.

அளக்கும் சடங்கைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டி நீர். முதல் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு. இரண்டாம் புட்டியை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து பத்துச் சொட்டு. பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த நிறவினைக்கு மூலவர் பீட்டர் கிரீஸ் என்னும் ஜெர்மானியர். இங்கிலாந்தில் பீர் ஆலை ஒன்றில் வேதியியலராக இருந்தவர், அதை 1879-இல் வெளியிட்டார். இரண்டாம் புட்டியின் அடியில் தங்கும் பொடியைச் சரியாகக் குலுக்கிக் கலக்காவிட்டால் நைட்ரேட் குறைவாகக் காட்டும். சோம்பேறிகளின் தொட்டி எப்போதும் தூய்மையாக இருப்பதன் ரகசியம் இதுதான். மஞ்சள் என்றால் பூஜ்யம், ஆரஞ்சு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், சிவப்பு என்றால் இரங்கல்.

“ஏங்க, இது ரத்தச் சிவப்பு.”

“இல்லம்மா, ஆரஞ்சு. ட்யூப்லைட்டுல அப்படித் தெரியுது.”

“அப்போ பால்கனிக்குக் கொண்டுபோய்ப் பாருங்க.”

பால்கனியிலும் சிவப்புதான். “இன்னைக்கு மேகமா இருக்கு” என்றார் தலைவர்.

இப்போது கணக்கு. இதுவரை வந்த நூல்களெல்லாம் பட்டும் படாமலும் விட்ட இடம் இது என்பதால் நிதானமாகப் போவோம். மீன்தீனியில் கிட்டத்தட்ட 45 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிராம் தீனியில் உள்ள நைட்ரஜன் முழுதும் நைட்ரேட் ஆனால் அது 0.32 கிராம், 200 லிட்டரில் 1.6 பிபிஎம். வாரம் மூன்று கிராம் போட்டால், ஸ்கிம்மர் எடுப்பதையும் மீன் உடம்பில் ஏறுவதையும் மறந்துவிட்டால், வாரத்துக்கு ஏறக்குறைய 5 பிபிஎம் ஏறும். இதற்கு மாற்றாக வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிறோம். பத்து சதவீதம் என்பது 20 லிட்டர், அதாவது சரியாக ஒரு தண்ணீர் கேன். அதில் சுமார் 700 கிராம் கடலுப்புக் கலவை. ஒரு கேனும் 700 கிராமும் தந்த நிம்மதியில் நாம் தூங்கப்போகிறோம். ஆனால் கணக்கு தூங்குவதில்லை. ஒவ்வொரு வாரமும் ஐந்து ஏறி, இருப்பதில் பத்தில் ஒன்று வெளியேறினால், நைட்ரேட் ஏறிக்கொண்டே போய், மாற்றுவதற்கு முன் 50, மாற்றிய பின் 45 என்ற இடத்தில்தான் நிற்கும். ஆயுள் முழுவதும் வாரம் தவறாமல் மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது.

45 என்ற எண்ணைக் கவனியுங்கள். குடிநீரில் நைட்ரேட் இதற்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் எல்லையும் இதே 45 தான். ஆக, தண்ணீர் மாற்றிய கையோடு இந்தத் தொட்டி நைட்ரேட் அளவில் குடிக்கத் தகுதியானது; உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு 20 முதல் 40-க்குள் வைக்கச் சொல்கிறார்கள். பவளம் பத்தைத் தாண்டினாலே முகத்தைச் சுளிக்கும். மனிதனுக்கு அனுமதித்தது மீனுக்கு ஆகாது என்பதில் நம் இனத்தின் தகுதி குறித்து ஏதோ ஒன்று இருக்கிறது. அதை வேறு ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளட்டும். போர்வெல் நீரில் ஏற்கெனவே 20 இருந்து, அதிலேயே உப்பைக் கரைத்தால், நிற்கும் இடம் 70-க்கும் 65-க்கும் இடையே போகும். தெலங்கானாவின் நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்த இடங்கள் பல உண்டு. ஆகவே ஆர்ஓ நீர்தான் வேண்டும். அது விரட்டும் கழிவுநீரால் வீடு துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம்.

பரிகாரம் சொல்வோர் மூன்று பிரிவினர். வோட்காச் சமயத்தார் நூறு லிட்டருக்கு 0.1 மில்லி என்று தொடங்கித் தினமும் தொட்டியில் வோட்கா விடுவார்கள். பாக்டீரியா அந்தக் கரிமத்தைத் தின்று பெருகி நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும். ஸ்கிம்மர் பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளும். கிரீஸ் பீர் ஆலையிலிருந்து அளக்கக் கற்றுக்கொடுத்தார், இவர்கள் வோட்காவால் இறக்குகிறார்கள். நைட்ரேட் ஆராய்ச்சி என்றுமே மதுவிலக்கு மாநிலத்தில் வளர்ந்ததில்லை. அளவு மிஞ்சினால் தண்ணீர் பால் போலக் கலங்கி, ஆக்சிஜன் குறைந்து, விடிவதற்குள் மீன் மிதக்கும். வினிகர் சமயத்தார் இதையே அடுப்படிச் சாமானால் செய்கிறார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் கண்டால் பேசுவதில்லை. கடற்பாசி வளர்ப்போர் மூன்றாவது தரப்பு. வளர்ந்த பாசியை அவ்வப்போது பறித்துப்போட்டால் நைட்ரேட்டும் அதோடு போகும். அமைதியானவர்கள், எனவே யாரும் கேட்பதில்லை.

எந்தச் சமயமும் பேசாத ஒன்று உண்டு. தண்ணீரை இரட்டிப்பாக்கி வாரம் இரண்டு கேன் மாற்றினால் நைட்ரேட்டின் உச்சம் 50-லிருந்து 25-க்கு இறங்கும். ஒரே கேனை வைத்துக்கொண்டு தீனியைப் பாதியாக்கினாலும் அதே 25 தான். முதல் வழிக்கு உப்புக் காசு, தண்ணீர்க் காசு, முதுகுவலி. இரண்டாம் வழிக்கு எதுவும் வேண்டாம், டப்பாவை மூடினால் போதும். ஆனால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார். “பாவம்டா, வாயைத் திறந்து திறந்து என்னையே பாக்குது.” மீன் வாயைத் திறப்பது செவுள் வழியே தண்ணீரை ஓட்டி மூச்சு விடுவதற்கு. பாட்டிக்கு இதைச் சொல்லிப் பார்த்தார்கள். “மூச்சு விடறதுக்கும் தெம்பு வேணுமில்ல” என்று இன்னொரு சிட்டிகை போட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஹைதராபாத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். ஆவியாகும் அளவுக்கு உப்புப் போடாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தீனி டப்பாவை மட்டும் பீரோவில் பூட்டிவிட்டுப் போங்கள். நன்கு வளர்ந்த கோமாளி மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும்.