ஹோல் சின்னதா, சோபா பெரிசா?

என்ட பேத்திக்கு ஆவணியில கலியாணம் முடிஞ்சது. மார்கழி பிறக்கக்குள்ள அவ ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டா: வீட்டு ஹோல் சின்னதாம். நாலு மாசத்தில ஒரு ஹோல் எப்பிடிச் சுருங்கும் எண்டு நானும் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தன். நீளம் 12 அடி, அகலம் 9 அடி. மேசன் கட்டித் தந்த அளவு அப்பிடியே கிடக்கு. பெருக்கினா 108 சதுர அடி. அர்ச்சனைக்குத் தோதான எண்ணிக்கை. "அடிக்கு ஒரு பூவைப் போட்டுக் கும்பிடு புள்ள, வளர்ந்தாலும் வளரும்" எண்டன். மூஞ்சைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள போயிற்றா.

அவட மாப்பிள்ளை நல்ல பெடியன். பொறுமையா வந்து போனைக் காட்டினார். "அம்மப்பா, சின்ன ஹோலைப் பெரிசாக் காட்ட வழி இரிக்கு, பாருங்க." பார்த்தன். எந்த ஊரோ தெரியாது, வெள்ளை வெளேரெண்டு ஒரு வீடு. அதுக்குள்ள ஒரு பூச்சாடி, ஒரு பூனை. ஆக்கள் இல்ல. துவாய் காயப்போடக் கயிறும் இல்ல. "தம்பி, இந்த வீட்டில பெரிசா இரிக்கிறது ஹோல் இல்ல, வெறுமை" எண்டன். அவர் சிரிச்சார். விளங்கிச் சிரிச்சாரா, மரியாதைக்குச் சிரிச்சாரா எண்டு எனக்கு இன்னும் தெரியாது.

அந்த 108 எங்க போனது எண்டு இருந்து கணக்குப் பார்த்தம். கல்முனையில இருந்து லொறியில வந்து இறங்கின சோபா செற். அது கதவால போகேலாம, யன்னல் கம்பியைக் கழட்டி உள்ளுக்கு எடுத்தது. மூண்டு பேர் இரிக்கிற நீள சோபா ஆறரை அடிக்கு 3 அடி. ஒராள் இரிக்கிறது ரெண்டு, ஒவ்வொண்டும் 3 அடிக்கு 3 அடி. அது மட்டும் முப்பத்தேழரை. நடுவில கண்ணாடி மேசை, நாலுக்கு ரெண்டு, எட்டு. சுவரோட ஷோகேஸ் ஏழரை. (ஏழரை எண்டா எனக்குச் சனியன்தான் ஞாபகம் வரும், அதை விடுங்க.) ஆக 53. வாசல் கதவு 3 அடி அகலம், உள்ளுக்குத் திறக்குது. அது வீசித் திறக்கிற கால் வட்டம் மட்டும் 7 சதுர அடி, அதில ஒண்டும் வைக்கேலா. எல்லாம் போக மிச்சம் 48. சரியா ஒரு மண்டலம். அந்த மண்டலத்துக்குள்ளதான் புருசனும் பெஞ்சாதியும் வாற சனமும் விரதம் இரிக்கிற மாதிரி ஒடுங்கி ஒடுங்கி நடக்கிறாங்க.

சோபா இன்னும் பொலித்தீன் உறையோடதான் இரிக்கு. இருந்தா சறுக்கும், எழும்பினா ஒட்டும். சனம் வந்தா முற்றத்தில வேப்பமரத்துக்குக் கீழ பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுத்தான் கதை. ஹோலை சோபாவுக்குக் குடுத்திட்டு நாங்க மரத்துக்குக் கீழ இரிக்கம். அந்த சோபா உள்ளுக்கு வந்த அண்டைக்குத்தான் என்ட சாய்மனைக் கதிரை ஆட்டுக்கொட்டிலடிக்குப் போனது. அதைப் பத்தி நான் ஒண்டும் கதைக்கல்ல. இப்பவும் கதைக்க வரல்ல.

எங்கட கிழக்குக் கரையில வீடு ஏன் சின்னன் எண்டு வெளியூராக்கள் கேப்பாங்க. இஞ்ச மகளுக்கு வீடு குடுக்காம மாப்பிள்ளை வராது. தமிழாக்களும் அப்பிடி, சோனக ஆக்களும் அப்பிடி. அக்கரைப்பற்றில 1969ல வந்து நிண்டு, எங்கட குடிவழமையையும் சீதன வீட்டையும் படிச்சு, பிறகு 2008ல பெரிய புத்தகமாப் போட்டார் டெனிஸ் மக்கில்வ்ரே எண்ட அமெரிக்க வாத்தியார். இந்தக் கரையில வீடு பொம்பளைக்குச் சொந்தம் எண்டதுக்கு என்ட மனிசிட குரலைக் கேட்டாப் போதும், அவருக்கு அவ்வளவு காலம் எடுத்திரிக்கு. மகளுக்குக் குடுத்திட்டுத் தாயும் தகப்பனும் வளவில பின்னுக்குப் போவாங்க. அந்த மகளுக்கு மகள் வளர்ந்தா அவங்களும் பின்னுக்கு. நாங்க மூண்டு தலைமுறையா ஒரே வளவில பின்பக்கமாப் பெயர்ந்துகொண்டு இரிக்கம். இன்னும் ஒரு பேத்தி முடிச்சா நான் வேலிக்கு வெளியில. கல்முனைக்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் போனா இன்னும் நெருக்கம். ஒரு வீட்டில தாளிச்சா மற்ற வீட்டில தும்முவாங்க.

பேத்திக்குக் குடுத்த வீடு சுனாமி வீடு. 2004 மார்கழி 26க்குப் பிறகு கட்டினது. வீட்டுக்கு 500 சதுர அடி எண்டது அப்ப அரசாங்கம் வெச்ச கணக்கு. முழுசா உடைஞ்ச வீட்டுக்கு 250,000 ரூபா, சுவர் எழும்ப எழும்பத் தவணையாத் தருவாங்க. கிழக்கில கடலுக்கு 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாது எண்டு முதல்ல கயிறு பிடிச்சாங்க, எங்கட வளவு அதைத் தாண்டி இருந்ததால தப்பிச்சிது. தறப்பாளுக்குள்ள கிடந்திட்டு அந்த வீட்டுக்குள்ள கால் வெச்ச அண்டைக்கு ஆள் கூப்பிட்டா எதிரொலிச்சிது. ஒரு பாய், ரெண்டு சட்டி, நிவாரணத்துக்குத் தந்த நீல வாளி, அவ்வளவுதான் எங்கட சொத்து. என்ட மனிசி இந்த மூலையில நிண்டு அந்த மூலையைப் பார்த்திட்டு, "இவ்வளவு பெரிய வீட்டை ஆர் கூட்டுறது?" எண்டு கேட்டா.

அதே ஹோல்தான் இது. ஒரு அங்குலம் குறையல்ல.

இதைப் பேத்திக்கிட்ட சொன்னா, "அப்ப சாமான் எல்லாத்தையும் கடலில போடச் சொல்றீங்களா?" எண்டு கேக்கிறா. நான் ஏன் சொல்றன்? கடல் ஒருக்கா எடுத்தது போதும். கழிச்சு வை எண்டன். ஷோகேசுக்குள்ள என்ன இரிக்கு? உறை பிரிக்காத டீ செற் ரெண்டு, மூக்கில தூசி பிடிச்ச பொம்மைக் கரடி, பிளாஸ்டிக் ரோசாப்பூ, எந்தக் காலத்திலயோ ஓட்டப்போட்டியில எடுத்த கப். இதுகளைக் காவல் காக்க ஏழரைச் சதுர அடி! அதைத் தூக்கி அறைக்குள்ள வெச்சாச்சு. ஒராள் சோபா ரெண்டையும் தாய் வீட்டுக்கு அனுப்பியாச்சு. என்ட மகளுக்கும் ஹோல் சின்னனாகட்டுமே, எனக்கென்ன?

மறுகா சீலிங் பிரச்சினை. ஜிப்சம் பலகை அடிச்சு உள்ளுக்கு மின்குமிழ் பூட்டினா மாளிகை மாதிரி இரிக்குமாம். இரிக்கும், மாளிகைக்கு உயரம் இரிக்கு. எங்கட ஓட்டு வீட்டில சுவர் 9 அடி. அதுக்குக் கீழ ஒரு அடியை இறக்கினா, கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில ஹோல் போறணைதான். பாணை உள்ளுக்கு வெச்சா வெந்திடும். உயரம் எண்டது காசில்லாமக் கிடைச்ச இடம், அதை அடைக்கிறதுக்குக் காசு குடுக்கிறதா? என்ட வாழ்நாளில ஹோல் அளவில்லாமப் பெரிசாத் தெரிஞ்சது ஒரே ஒரு இரவு, 1978 நவம்பர் 23. சூறாவளி பழைய வீட்டு ஓட்டைக் கொண்டு போயிற்று. படுத்தபடி வெள்ளி எண்ணலாம்.

சூறாவளியைக் கூப்பிடாமலே அந்த வேலையைச் செய்யலாம். மொறட்டுவையில கட்டடக்கலை படிக்கிற பேரன் ஒருத்தன் இரிக்கான். அவன் ஜெஃப்ரி பாவா எண்ட கட்டடக்கலைஞர்ட கதையைச் சொன்னான். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில பாவாட வீடு, வரிசையில இருந்த நாலு சின்ன வீட்டை ஒவ்வொண்டா எடுத்து ஒண்டாக்கினதாம். நாலு வீடு கையில இருந்தா நானும்தான் பெரிசாக் காட்டுவன் எண்டன். "அதில்ல அம்மப்பா, இருந்த இடத்திலயும் அங்கங்க ஒரு துண்டைக் கூரை போடாம ஆகாயத்துக்கு விட்டார், வெளிச்சம் அதால இறங்கும்" எண்டான். அது ஞாயம். எங்கட நாற்சார வீட்டுக்காரன் பாவாவுக்கு முந்தியே அதைச் செய்தான், ஆனா அவனை ஆரும் படிக்கிறதில்ல. சரி, நாலு ஓட்டைக் கழட்டிக் கண்ணாடி ஓடு போட்டம். பத்து மணிக்கு நடுத்தரையில வெயில் ஒரு பாய் மாதிரி விழுது. இப்ப பேத்திட பூனை அதிலதான் படுக்குது.

பாய் எண்டவுடன ஞாபகம் வருது. ஜப்பான்காரன் அறையைச் சதுர அடியில அளக்கிறதில்லயாம், பாயில அளப்பானாம். ஒரு பாய் கிட்டத்தட்ட 6 அடிக்கு 3 அடி. ஆறு பாய் அறை எண்டா 9 அடிக்கு 12 அடி, அச்சொட்டா எங்கட ஹோல். பகலில படுக்கையைச் சுருட்டி அலுமாரிக்குள்ள வெச்சிட்டு அதே அறையில சாப்பிட்டு, ராவைக்கு விரிச்சுப் படுப்பான். இதுக்கு ஜப்பான் போகத் தேவையில்ல. மருதமுனையில என்ட கூட்டாளி ஒரு காக்கா, நெசவுக்காரர். அவர்ட ஹோலும் இந்த அளவுதான். மகள்ட கலியாணத்துக்குப் போனன். கதிரை, மேசை எல்லாம் வெளியில. பன்பாயை விரிச்சு நாலு சஹன் தட்டு வெச்சாங்க. சஹனைச் சுத்தி ஆறு பேர். இருபத்திநாலு பேர் ஒரே பந்தியில, முழங்காலோட முழங்கால் முட்டத் திண்டு எழும்பினம். பேத்திட ஹோலில நாலாவது ஆள் வந்தா ஆராவது எழும்பி நிக்கவேணும்.

அந்தக் காக்காதான் யன்னல் சீலைக்கும் வழி சொன்னவர். பேத்தி தடிச்ச மெரூன் கலர் வாங்க இருந்தா. அவர் வெளிறின கைத்தறித் துணி தந்து, "யன்னல் தலையில கட்டாம சுவர் தலையில கட்டுங்க, ரெண்டு பக்கமும் ஒரு சாண் கூட விடுங்க" எண்டார். கட்டினா யன்னல் ஒரு வயசு கூடின மாதிரி வளர்ந்து நிக்குது. பெயின்ட் விசயத்தில நான் கன வாதம் பண்ணல்ல. வெள்ளை தன்னில விழுற வெளிச்சத்தைத் திருப்பித் தரும், கறுப்பு விழுங்கிடும், அவ்வளவுதான். முந்தி சுண்ணாம்பில ஒரு சொட்டு நீலம் கலந்து பூசினதும் வெள்ளையை இன்னும் வெள்ளையாக் காட்டத்தான். சுவரில நீர்வீழ்ச்சிப் படம் ஒட்டுற யோசினையை மட்டும் மறிச்சன். காது குடுத்தாக் கடல் கேக்கிற வீட்டில உனக்கு என்ன நீர்வீழ்ச்சி வேண்டிக் கிடக்கு?

கடைசியாக் கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடி வாங்கியாச்சு, ஷோகேஸ் இருந்த சுவரில மாட்டப் போறாங்க. "கண்ணாடிக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும் புள்ள, கழித்தல் தெரியாது. என்னத்தைக் காட்டுறியோ அதை ரெண்டாக்கும். சோபாவைக் காட்டாத, யன்னலைக் காட்டு" எண்டன். யன்னலுக்கு எதிர்ச்சுவரில மாட்டினதும் வேப்பமரம் ரெண்டாச்சு. பேத்திக்கு வாயெல்லாம் பல்லு.

அப்பதான் நான் சொன்னன், யன்னலுக்குப் பக்கத்தில அஞ்சடிக்கு ரெண்டரை அடி வெறுமையா விடவேணும் எண்டு. காத்து வாற பாதை, அதை மறிக்கக்கூடாது. மாப்பிள்ளை நாடாவைப் பிடிச்சு, அளந்து, சோக்குக் கட்டியால கோடும் போட்டார். ரெண்டு நாள் அந்த இடம் அப்பிடியே கிடந்தது. மூண்டாம் நாள் அவரே வந்து, "அம்மப்பா, ஹோல் நல்லா இரிக்கு, ஆனா அந்த மூலை மட்டும் ஏதோ குறையிற மாதிரி" எண்டார். நான் யோசிக்கிற மாதிரி தாடியைத் தடவினன். தடிச்ச சாமான் கூடாது தம்பி, கீழ தரை தெரியவேணும், காலில நிக்கிறதா இரிக்கவேணும், பிரம்பு பின்னினதா இருந்தா காத்தும் ஊடறுத்துப் போகும் எண்டு சொல்லிக்கொண்டே ஆட்டுக்கொட்டில் பக்கம் பார்த்தன். பெடியன் கெட்டிக்காரன். ஆட்டுக்குட்டியை இறக்கி விட்டிட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்குள்ள வெச்சார். அஞ்சடி, ரெண்டரை அடி. ஒரு நூல் பிசகல்ல.

சாய்ஞ்சு காலை நீட்டினன். பேத்தி குசினி வாசலில நிண்டு என்னையும் பார்க்கிறா, கண்ணாடியையும் பார்க்கிறா.

"அம்மப்பா, இப்ப ரெண்டு பேர் இரிக்கிற மாதிரித் தெரியுது."

"ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வா" எண்டன்.