சோறு போடும் எல்லைக்கோடுகள்

காப்புரிமை என்பது, புதியதொரு கண்டுபிடிப்பைப் பிறர் செய்யவோ விற்கவோ விடாமல் தடுப்பதற்காக, கண்டுபிடித்தவருக்கு அரசு பொதுவாக 20 ஆண்டுகளுக்கு அளிக்கும் உரிமையாகும். வணிகக்குறி என்பது ஒருவரது சரக்கை மற்றவரது சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் அல்லது சின்னமாகும். இவ்விரண்டும் வழங்கிய நாட்டின் எல்லையோடு நின்றுவிடும் என்பதே, பன்னாட்டுக் காப்புரிமை வழக்கறிஞர் என்னும் இனம் உலகில் தோன்றியதற்கும், தோன்றி இன்றளவும் கௌரவமாக வாழ்ந்துவருவதற்கும் மூலகாரணம். அவரை நாடிவரும் கட்சிக்காரர் பெரும்பாலும் ‘உலகக் காப்புரிமை’ ஒன்று வேண்டுமென்றே கேட்பார். அப்படி ஒன்று கிடையாது என்று விளக்குவது இத்தொழிலின் முதற்கடமை. இல்லாத அதற்கு ஈடாக எந்தெந்த நாட்டில் எவ்வளவு செலவாகும் என்று பட்டியல் நீட்டுவது இரண்டாவது கடமை.

1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் 12 மாதங்களுக்குள் பிற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், அங்கும் அந்த முதல் நாளே கணக்கில் கொள்ளப்படும். இதற்கு முன்னுரிமை என்று பெயர். அந்த ஓராண்டும் போதாதவர்களுக்காக 1970-இல் வாஷிங்டனில் கையெழுத்தான காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம் பிறந்தது. அதன்வழி ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, எந்தெந்த நாடுகளுக்குள் நுழைவது என்ற முடிவை முன்னுரிமை நாளிலிருந்து 30 மாதங்கள் வரையிலும், இந்தியா போன்ற சில இடங்களில் 31 மாதங்கள் வரையிலும் தள்ளிப்போடலாம். முடிவெடுப்பதை ஒத்திவைப்பதற்கென்றே 150-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டிருப்பது, மனித இயல்பைப் பற்றிய அரிய ஆவணமாகவே கொள்ளத்தக்கது.

ஒத்திவைத்த கெடு என்றேனும் வந்தே தீரும். வருகையில் அது வேறொரு நாட்டுக் கடிகாரத்தில் வரும். வாஷிங்டனில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது சென்னையில் காலை ஒன்பதரை, அங்கே குளிர்காலமெனில் பத்தரை. ஆதலால் அமெரிக்க விண்ணப்பத்தைக் கடைசி நாளில் அனுப்பவேண்டிய சென்னை வழக்கறிஞருக்கு நாட்காட்டியில் இல்லாத ஒரு காலைப்பொழுது இனாமாகக் கிடைக்கிறது. டோக்கியோவோ சென்னையின் இரவு எட்டரைக்கே நாளை முடித்துக்கொண்டு அந்த இனாமில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

இந்தியாவில் காப்புரிமை முகவராகப் பதிவுபெற அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும், அதற்கெனத் தனியே நடத்தப்படும் தேர்வில் வெற்றியும் வேண்டும். பொறியியல் படித்தும் பொறியாளராகாமல், சட்டம் படித்தும் நீதிமன்றப் படி அதிகம் ஏறாமல், நாள் முழுவதும் பிறர் கண்டுபிடித்தவற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் என்னதான் செய்கிறார் என்பதைப் பெண் பார்க்கப் போன வீட்டில் விளக்குவது, எந்த அயல்நாட்டு அலுவலகத்திலும் எதிர்ப்படாத சிரமமாகும்.

அவர் எழுதுவது உரிமைக்கோரிக்கை, அதாவது எதன்மீது உரிமை கேட்கப்படுகிறது என்று வேலிகட்டும் வாசகம். அது எத்துணை நீண்டாலும் ஒரே வாக்கியமாக இருக்கவேண்டும் என்பது மரபு. குடை இன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், ‘நீள்தண்டு ஒன்றும், அத்தண்டின் மேல்முனையில் மடங்கத்தக்கவாறு இணைக்கப்பட்ட பல கம்பிகளும், அக்கம்பிகளின்மீது விரிக்கப்பட்ட நீர்புகா மென்பரப்பும் கொண்டதும், பயனரின் தலைக்கு மேல் பிடிக்கத்தக்கதுமான சாதனம்’ என்று அது விண்ணப்பிக்கப்பட்டிருக்கும். கண்டுபிடித்தவரோ அதைப் படித்துவிட்டு இது யாருடையது என்று கேட்டிருப்பார். இந்நடையின் ஆற்றலைச் சோதித்தவர் மெல்பர்ன் நகரத்துக் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவர். ஆஸ்திரேலியா 2001-இல் முழு ஆய்வின்றி உரிமை வழங்கும் புதுத் திட்டமொன்றைத் தொடங்கியபோது, அவர் சக்கரத்தை ‘வட்ட வடிவப் போக்குவரத்து உதவிச் சாதனம்’ என வருணித்து விண்ணப்பித்து, உரிமையும் பெற்றார். அவ்வாண்டின் இக் நோபல் என்னும் கேலிப் பரிசு அவருக்கும், உரிமை வழங்கிய அலுவலகத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

நாடு மாறினால் விதியும் மாறும். நோயைக் குணப்படுத்தும் முறைக்கு அமெரிக்கா காப்புரிமை தரும், ஐரோப்பாவும் இந்தியாவும் தரா. கிளிவெக் என்னும் புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குப் பல நாடுகளில் கிடைத்த காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அறிந்த பொருளின் புதுவடிவம் கூடுதல் பலன் காட்டினாலன்றி உரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவின்படி அம்மறுப்பை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று உறுதிசெய்தது. முட்டாள்கள் தினத்தன்று வந்த அத்தீர்ப்பைப் பல நாட்டு வழக்கறிஞர்கள் வேடிக்கை என்று எடுத்துக்கொள்ள முயன்றிருந்தால் அவர்களைக் குறைசொல்ல இயலாது.

வணிகக்குறியின் களம் இதனினும் சுவையானது. பர்கர் கிங் நிறுவனம் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தபோது அப்பெயரை அடிலெய்டில் ஒரு சிறு கடை முன்னரே பதிந்து வைத்திருந்தமையால், அங்கே அது இன்றும் ‘ஹங்கிரி ஜாக்ஸ்’ என்ற பெயரில் பசியாற்றுகிறது. கோலாலம்பூரில் இந்திய வம்சாவளியினர் நடத்திய ‘மெக்கறி’ உணவகத்தின்மீது மெக்டொனால்ட்ஸ் தொடுத்த வழக்கோ தனி ரகம். ‘மெக்’ என்னும் முன்னொட்டு தனக்கே உரியது என்றது வாதி நிறுவனம். அது மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கம் என்றது உணவகம். பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் தேடிவந்த ஒருவர் தடுமாறி மீன்தலைக் கறியின் முன் அமர்ந்துவிடக்கூடுமா என்னும் கேள்வியைக் கற்றறிந்த வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் அலசினர். 2006-இல் உயர் நீதிமன்றம் கூடும் என்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்து, உணவகத்துக்கு 10,000 ரிங்கிட் செலவுத்தொகை தரும்படி மெக்டொனால்ட்ஸுக்கு உத்தரவிட்டது. இருதரப்பு வழக்கறிஞர்களும் இத்தனை ஆண்டுகளில் பெற்ற கட்டணம் எவ்வளவு என்பதைப் பதிவுசெய்யும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு இல்லை.