செட்டு நல்லா இருக்கு, வீடுதான் சரியில்ல

எழுபதுகளின் கடைசியில் பெருங்களத்தூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் தொழில் பழகினேன். ஜனங்கள் ரேடியோவைத் துணிப்பையில் போட்டுக் கடைக்குத் தூக்கி வருவார்கள். இப்போது நான் ஒரு பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குப் போகிறேன். அன்றைக்குப் பழுது செட்டுக்குள் இருந்தது. இன்றைக்குச் செட் நன்றாகத்தான் இருக்கிறது, பழுது வீட்டுக்குள் குடியேறிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க அந்தக் கடையில் கற்றுக்கொண்டதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். செட் மேஜைக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிட மாட்டார். "மொதல்ல காதைக் குடுடா" என்பார். ஹம் அடிக்கிறது என்றால் எந்த ஹம்? அரை அலை ரெக்டிஃபையர் வைத்த செட்டில் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனால் 50 சைக்கிளில் கேட்கும். முழு அலை செட்டில் 100. முழு அலை செட்டில் 50 கேட்டால் கண்டென்சரை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. ரெக்டிஃபையரில் ஒரு பாதி போயிருக்கும், அல்லது ஹீட்டர் ஒயரிலிருந்து வரும். ஐம்பதா நூறா என்று காதாலேயே பிரித்துச் சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இன்றுவரை அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் செட் ஊமையாக வந்தால், வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொடுவோம். ஸ்பீக்கரில் 'கொர்' என்றால் ஏ.சி.127, ஏ.சி.128 உட்பட பின்பாதி முழுக்க உயிரோடு இருக்கிறது, முன்பாதியைப் பார்க்க வேண்டும். ஒரே தொடலில் பாதி வேலை முடிந்துவிடும். வால்வு செட்டில் இதைச் செய்யக் கூடாது. ஏ.சி./டி.சி. செட்டுகளில் மெயினின் ஒரு ஒயர் நேராகச் சேஸிஸில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட்.

முன்பாதியில் ஆசிலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்கிற முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் நல்ல ரேடியோ ஒன்றை வைத்து 1175 கிலோஹெர்ட்ஸில் நிறுத்து. செத்த செட்டின் முள்ளை மெதுவாகச் சென்னை வானொலியின் 720 பக்கம் நகர்த்து. அதனுடைய ஆசிலேட்டர் 455 தள்ளி, சரியாக அந்த 1175-இல் இருக்க வேண்டும். ஓடினால் நல்ல ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அமுங்கும், அல்லது விசிலடிக்கும். ஒன்றுமே நடக்காவிட்டால் ஆசிலேட்டர் நின்றுபோயிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி செய்ய வேண்டிய வேலையை இன்னொரு ரேடியோவே செய்தது. ரேடியோ பாட்டுக் கேட்க மட்டுமல்ல, பார்க்க முடியாததைக் காட்டும் கருவியும்கூட என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வெளி இரைச்சல் என்றால் ரயில்தான். அறுபதுகளிலேயே தாம்பரம் முதல் விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரப் பாதை வந்துவிட்டது. மேலே கம்பியை உரசும் பேன்டோகிராஃப் பொறி விட்டால் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் மீடியம் வேவ் முழுக்கக் கொரகொரக்கும். வண்டி வண்டலூர்ப் பக்கம் போனதும் அடங்கிவிடும்.

இப்போதைய இரைச்சல் எங்கும் போவதில்லை. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் இவற்றுக்குள் பெரும்பாலும் இருப்பது ஸ்விட்சிங் சப்ளை. 230 வோல்ட் ஏ.சி.யை 325 வோல்ட் டி.சி.யாக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித் தருகிறது. பல அடாப்டர்கள் 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகின்றன. அதன் பதினொன்றாவது மடங்கு 715, பன்னிரண்டாவது 780. சென்னை வானொலியின் 720-ஐயும் விவித பாரதியின் 783-ஐயும் எவ்வளவு நெருக்கமாக உரசுகிறது பாருங்கள். இதைத் தடுக்க மெயின் நுழைகிற இடத்தில் ஒரு சோக்கும் ஒரு கண்டென்சரும் போதும். மலிவான போர்டைப் பிரித்தால், சோக்குக்கு இடம் விட்டு எல்1 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த இடத்தில் வெறும் கம்பித் துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். டிசைன் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. காசு மிச்சம் பிடித்தவர் எடுத்துவிட்டார். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் வீட்டு ஒயரிங் முழுக்க அந்த இரைச்சலுக்கு ஏரியல் ஆகிவிடுகிறது.

பீர்க்கன்காரணையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், காலைச் செய்தியை ரேடியோவில் கேட்டே பழகியவர். "தம்பி, புதுசா வாங்கின ரேடியோ, ஒரே கரகரப்பு, பாத்துக் குடுங்க" என்றார். ரேடியோவைத் தெருமுனைக்கு எடுத்துப்போய் வைத்தேன். துல்லியமாகப் பேசியது. "ஐயா, செட்டு நல்லா இருக்கு, வீடுதான் சரியில்ல" என்றேன்.

ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு மெயினை ஆஃப் செய்தோம். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்ய வேண்டும், அதை மறந்தால் பாதி வீடு ஓடிக்கொண்டே இருக்கும். இரைச்சல் நின்றது. பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். ஹாலில் 'உஸ்' என்று ஒரு சத்தம், அது செட்டாப் பாக்ஸ் அடாப்டர். மோட்டார் ஓடும்போது மட்டும் வேறொன்று, 'பர்ர்ர்' என்று முரட்டுச் சத்தம். காதுக்கு அது நூறு. மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு முறை பொறி தட்டினால் நூறு வரும். ரேடியோவைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனேன். மோட்டார் பிளக் பாயின்ட் அருகே காதைக் கிழித்தது.

மெயினை மறுபடி ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றினேன். நியூட்ரல் ஸ்க்ரூவை விரலாலேயே திருப்ப முடிந்தது. ஒயரின் தோல் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. சாக்கெட்டின் பின்புறம் கரி. இன்னும் வாடைகூட வந்திருக்கவில்லை. "எம்.சி.பி. விழணுமே தம்பி?" என்று கேட்டார். விழாது. அந்த லூஸ் காண்டாக்ட் வழியாக ஓடுவது மோட்டாரின் வழக்கமான கரன்ட்தான், அதிகம் இல்லை. எர்த்துக்குக் கசிவும் இல்லை, அதனால் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும். அந்த ஒரு புள்ளியில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அன்று அதை வெளியே சொன்னது ரேடியோதான். கருகிய ஒயரை வெட்டி, சாக்கெட்டையும் பிளக் டாப்பையும் மாற்றினேன்.

மெயினை ஆஃப் செய்தும் இரைச்சல் நிற்காவிட்டால் தெருவுக்கு வர வேண்டும். மீடியம் வேவுக்கு ரேடியோவின் உள்ளே நீளவாக்கில் ஒரு ஃபெர்ரைட் கம்பி இருக்கிறது. ரேடியோவை மெதுவாகச் சுற்றினால் ஒரு நிலையில் இரைச்சல் அமுங்கும். அப்போது கம்பியின் முனை இரைச்சல் வரும் இடத்தை நோக்கி இருக்கும். தள்ளிப்போய் இன்னொரு இடத்திலும் பார்த்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம் பெரும்பாலும் ஏதாவது கம்பம்தான். அதோடு நம் வேலை முடிந்தது. ஏறவும் கூடாது, தட்டிப் பார்க்கவும் கூடாது. கம்பத்தின் நம்பரைக் குறித்து ஈ.பி.யில் கொடுத்துவிட வேண்டும்.

அண்ணன் கடையிலிருந்து மாறாமல் என்னோடு வந்த இன்னொன்று சீரிஸ் பல்பு. சந்தேகமான செட்டை நேராக மெயினில் செருகாமல் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், செட் தப்பிக்கும். இன்றைய அடாப்டருக்கும் டி.வி. போர்டுக்கும் அதே பல்புதான். ஒரு கணம் மின்னி மங்கினால் கண்டென்சர் சார்ஜ் ஏறியிருக்கிறது, நல்லது. மங்காமல் நின்றால் பிரிட்ஜோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட். இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை சில பத்து ஓம்தான், எரியும்போது 529. அந்த வித்தியாசம்தான் காவல். இப்போது குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டதால் பையன்கள் எல்.இ.டி. பல்பைச் சீரிஸில் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரு ஸ்விட்சிங் சப்ளை, இந்த வேலைக்கு உதவாது. குண்டு பல்பு எங்கே கண்டாலும் வாங்கி வையுங்கள்.

வாத்தியார் வீட்டில் அடாப்டர் இரைச்சல் மிச்சம் இருந்தது. ரிச்சி தெருவில் ஃபெர்ரைட் வளையம் கிடைக்கும், அடாப்டர் ஒயரில் மாட்டலாம் என்றேன். வாங்கிவந்து ஒயரை ஒரே தடவை உள்ளே நுழைத்து வைத்திருந்தார். "ஒண்ணும் கொறயலயே தம்பி." வளையத்துக்குள் நாலு சுற்று சுற்றச் சொன்னேன். சுற்று நாலு மடங்கானால் தடுக்கும் சக்தி ஏறக்குறைய பதினாறு மடங்கு. ஒயர் நீளம் போதாமல் டி.வி. ஸ்டாண்டைச் சுவர்ப் பக்கம் நகர்த்த வேண்டியதாயிற்று.